முறிந்த கையும் அடைபட்ட பொந்தும்: குறியீடுகள் பாத்திரங்களை வளர்க்கும் விதம்

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலின் முதல் வாக்கியத்தில் பறவை இல்லை, நீதிமன்றம் இல்லை, நிறவெறியும் இல்லை. பதின்மூன்று வயதை நெருங்கும் ஜெம் என்ற பையனுக்கு முழங்கை முறிந்தது என்ற செய்திதான் இருக்கிறது. எலும்பு கூடிய பிறகும் அவனுடைய இடது கை வலது கையைவிடச் சற்றுக் குட்டை. நடக்கும்போது புறங்கை கோணலாகத் திரும்பி நிற்கும். பந்து விளையாட முடிகிறது என்பதால் அவனுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. வாசகரும் கவலைப்படாமல் தாண்டிவிடுகிறார்.

18-ஆம் அத்தியாயத்தில் டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி நீதிமன்றத்தில் எழுந்து நிற்கிறார். செய்யாத குற்றத்துக்காகக் கூண்டில் நிற்கும் அவருடைய இடது கை, வலது கையைவிட முழுதாக ஓரடி குட்டை. சிறுவயதில் பஞ்சு அரைக்கும் இயந்திரத்தில் சிக்கிச் சதை கிழிந்துபோன கை அது. அவர்மீது பலாத்காரக் குற்றம் சாட்டிய மேயெல்லா யூவெல் என்ற வெள்ளையினப் பெண்ணின் முகத்தில் வலப்பக்கம் பட்ட அடி, இடக்கைப் பழக்கமுள்ள ஒருவர் அடித்தது என்று அப்போதுதான் சாட்சியத்தில் நிலைபெற்றிருக்கிறது. டாமின் இடது கையோ தொங்குகிறது. வழக்கு அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

இரண்டு இடது கைகள், இரண்டும் குட்டை. இவற்றைக் கதைசொல்லியும் ஜெம்மின் தங்கையுமான சிறுமி ஸ்கவுட் எங்கும் சேர்த்துவைத்துப் பேசுவதில்லை. டாமுக்காக வாதாடிய வக்கீல் ஆட்டிகஸ் ஃபின்ச்சின் பிள்ளைகள் மீது, மேயெல்லாவின் தகப்பன் பாப் யூவெல் இரவில் பாய்கிறான். அதில்தான் ஜெம்மின் முழங்கை முறிகிறது. டாமின் உயிரைக் குடித்த அதே வெறுப்பு வக்கீலின் மகன் உடம்பிலும் ஒரு தழும்பைப் போட்டுவிட்டுப் போகிறது. அப்பாவின் துணிவுக்கு என்ன விலை என்று ஜெம் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அது அவன் தோளிலிருந்து தொங்குகிறது.

1960 ஜூலையில் வந்து 1961-இல் புலிட்சர் பரிசு பெற்ற இந்த நாவல், 1930-களின் நடுப்பகுதியில், அலபாமா மாநிலத்தின் மேகோம்ப் என்ற கற்பனை ஊரில் நடக்கிறது. மொத்தம் 31 அத்தியாயங்கள். சேலத்துக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படிப்பவர்கள் இதைப் பெரும்பாலும் நோட்ஸ் வழியாகவே சந்திக்கிறார்கள். அந்த நோட்ஸில் ஒரு பட்டியல் இருக்கும். பறவை என்றால் வெகுளித்தனம், வெறிநாய் என்றால் இனவெறி, கமெலியா பூ என்றால் பழைய தென்மாநிலப் பெருமை என்று வரிசையாகப் போகும். அதில் எதுவும் தவறில்லை. ஆனால் விடைத்தாளில் அதை அப்படியே எழுதினால், கேள்வி கேட்ட பாத்திர வளர்ச்சி மட்டும் விடையில் வராது. வெகுளித்தனம் என்பது ஒரு கருத்து. கருத்து வளராது, மனிதர்தான் வளர்வார்.

எனவே பொருளை விட்டுவிட்டுக் கையைப் பார்ப்பது நல்ல வழி. இந்தப் பொருளை யார் தொடுகிறார்? தொட்டு என்ன செய்கிறார்? செய்த பிறகு, முன்பு அவரால் எளிதாக முடிந்த எது இப்போது முடியாமல் போகிறது? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்கும் இடத்தில்தான் பாத்திரம் வளர்ந்திருக்கும்.

ராட்லி வீட்டு ஓக் மரப் பொந்தை இப்படிப் பார்க்கலாம். வீட்டை விட்டு வெளியே வராத பூ (Boo) ராட்லியைப் பற்றி ஊரில் பேய்க்கதைகள் உலவுகின்றன. பிள்ளைகளும் அவற்றை நம்புகிறார்கள். நான்காம் அத்தியாயத்தில் பொந்தில் இரண்டு சூயிங்கம் கிடைக்கின்றன. ஸ்கவுட் எடுத்து மெல்கிறாள். ஜெம் பயந்து துப்பச் சொல்கிறான். பிறகு இரண்டு பழைய செப்புக் காசுகள். ஏழாம் அத்தியாயத்தில் நூல்கண்டு, சோப்பில் செதுக்கிய இரண்டு சின்னப் பொம்மைகள், எழுத்துக்கூட்டல் போட்டியில் வென்ற பழைய பதக்கம், ஓடாத பாக்கெட் கடிகாரம் என்று வரிசை நீள்கிறது. இந்த வரிசையின் அடுக்கு தற்செயலாக அமைந்ததில்லை. கடையில் வாங்கியதில் தொடங்கி, சேர்த்துவைத்ததற்கு வந்து, கையால் செய்ததற்குப் போய், தன் வாழ்வின் சொந்தச் சாமானில் முடிகிறது. பூ ராட்லி ஒரு வார்த்தையும் பேசாமல் நான்கு படி நெருங்கி வந்துவிடுகிறார். அந்தப் பொம்மைகளின் முகங்களில் தங்களை அடையாளம் காணும்போது, இத்தனை நாளும் தங்களை ஒருவர் கவனித்துவந்திருக்கிறார் என்று பிள்ளைகளுக்குப் புரியத் தொடங்குகிறது.

பூ ராட்லியின் அண்ணன் நேதன் ராட்லி சிமெண்ட் போட்டுப் பொந்தை அடைக்கிறார். மரம் சாகிறது, அதனால் அடைத்தேன் என்கிறார். ஜெம் அப்பாவிடம் கேட்கிறான். மரம் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார் அப்பா. அன்று இருட்டும்வரை ஜெம் வீட்டுத் திண்ணையிலேயே நிற்கிறான். உள்ளே வரும்போது அவன் அழுதிருப்பதை ஸ்கவுட் கவனிக்கிறாள், காரணம் அவளுக்குப் பிடிபடவில்லை. பெரியவர்கள் ஒரு பொய்யைக் காரணமாகச் சொல்லி அன்பை அடைப்பார்கள் என்பதை ஜெம் தெரிந்துகொண்டுவிட்டான், தங்கைக்கு இன்னும் தெரியாது. அண்ணன் தங்கைக்கு நடுவே வயது இடைவெளி திறப்பது இந்த இடத்தில்தான். பூவைப் பேய் என்று சொல்லி விளையாடுவது ஜெம்மால் இனி முடியாது. ஒரு கைப்பிடிச் சிமெண்டில் நேதன், பூ, ஜெம், ஸ்கவுட் என நான்கு பேர் வெளிப்பட்டுவிடுகிறார்கள்.

அடுத்த அத்தியாயத்தில் பனி விழுகிறது. அலபாமாவில் அது அபூர்வம். பனிமனிதன் செய்யப் போதுமான பனி இல்லாததால் ஜெம் மண்ணால் உருவம் பிடித்து மேலே பனியைப் பூசுகிறான். கறுப்பும் வெள்ளையும் என்று நோட்ஸ் இங்கே உடனே அடிக்கோடு போடும். போடட்டும். ஆனால் எழுத்தாளராக விரும்புகிறவர் கவனிக்க வேண்டியது காரணச் சங்கிலியை. பனி விழுந்ததால் குளிர், குளிரால் தொட்டிச் செடிகள் வாடக் கூடாதென்று பக்கத்து வீட்டு மிஸ் மாடி இரவில் அடுப்பை அணைக்காமல் விடுகிறார், அதனால் வீடு எரிகிறது, அதனால் பிள்ளைகள் நள்ளிரவில் தெருவில் நிற்கிறார்கள், அப்போது யாரோ ஸ்கவுட்டின் தோளில் போர்வை போர்த்துகிறார்கள். அந்த யாரோ பூ ராட்லி. குறியீடாகும் ஒவ்வொரு பொருளும் அடுத்த நிகழ்வுக்கு உண்மையான காரணமாக வேலை செய்கிறது. போர்வைக்கு அர்த்தம் வருவதற்கு முன்பே அது குளிரைத் தடுத்துவிட்டது.

துணிவு என்ற விஷயத்துக்கு லீ கொடுத்திருக்கும் இடம் 10, 11 அத்தியாயங்கள். இரண்டும் அடுத்தடுத்து வருவதே பாதி அர்த்தம். பத்தாவதில் வெறிநாய் தெருவில் வருகிறது. ஷெரிஃப் துப்பாக்கியை ஆட்டிகஸிடம் நீட்டுகிறார். முப்பது வருடமாகத் துப்பாக்கியைத் தொடாத மனிதர், மூக்குக்கண்ணாடி கீழே விழ, ஒரே குண்டில் நாயைச் சாய்க்கிறார். அப்பா கிழவர், ஒன்றுக்கும் ஆகாதவர் என்று வெட்கப்பட்டிருந்த பிள்ளைகளுக்கு இப்போது தலைகால் புரியவில்லை. ஸ்கவுட் பள்ளியில் பீற்றிக்கொள்ளத் துடிக்கிறாள். ஜெம் வேண்டாம் என்கிறான். அப்பா தன் திறமையை ஏன் மறைத்துவைத்தார் என்று யோசிக்கத் தொடங்கிவிட்ட பையன் அவன். செத்த நாயும் உயிருள்ள நாயைப்போலவே ஆபத்தானது, கிட்டே போகாதீர்கள் என்று ஆட்டிகஸ் எச்சரிப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தீர்ப்புக்குப் பிறகு யூவெலின் வெறுப்பு அடங்கிவிட்டதாக நம்பி அதே ஆட்டிகஸ் அசட்டையாக இருப்பார். நாயின் விஷயத்தில் தெரிந்தது மனிதன் விஷயத்தில் அவருக்குத் தெரியாமல் போகிறது. அவருடைய நல்ல குணத்தின் பலவீனமான முனை இது.

நாவல் இதோடு நின்றிருந்தால் துணிவு என்பது குறி தவறாத துப்பாக்கி என்றாகியிருக்கும். பதினோராவது அத்தியாயம் அதைத் திருப்பிப் போடுகிறது. தெருவில் போகும்போதெல்லாம் வசைபாடும் மிஸஸ் டுபோஸ் என்ற கிழவி, ஆட்டிகஸ் கறுப்பருக்கு வாதாடுவதைக் கேவலமாகப் பேசுகிறார். ஜெம் வெறிகொண்டு, தங்கைக்கு வாங்கிய தடியால் கிழவியின் கமெலியா செடிகளின் நுனிகளையெல்லாம் அடித்து நொறுக்குகிறான். கமெலியா நம் தேயிலைச் செடியின் பேரினத்தைச் சேர்ந்தது. அழகுக்காக வளர்க்கும் வகைகள் பெரிய மெழுகுப் பூக்களைத் தருபவை. தண்டனையாக ஒரு மாதம், தினமும் இரண்டு மணி நேரம், கிழவிக்குப் புத்தகம் படித்துக்காட்ட வேண்டும். அலார மணி அடித்தால் போகலாம். அந்த மணி ஒவ்வொரு நாளும் சில நிமிடம் தள்ளித் தள்ளி அடிக்கிறது. கிழவி இறந்த பிறகுதான் விஷயம் தெரிகிறது: மார்ஃபின் என்ற வலிமருந்துப் பழக்கத்திலிருந்து விடுபட்டுச் சாக வேண்டும் என்று, மணிக்கு மணி இடைவெளியை நீட்டிக்கொண்டு வலியைத் தாங்கியிருக்கிறார்.

அவர் ஜெம்முக்கு விட்டுப்போன பெட்டியில் ஒரு வெள்ளைக் கமெலியா. ஜெம் பெட்டியை நெருப்பில் வீசுகிறான், பூவை மட்டும் வைத்துக்கொள்கிறான். அத்தியாயம் முடியும்போது அவன் விரல்கள் அதன் அகன்ற இதழ்களைத் தடவிக்கொண்டிருக்கின்றன. செடியை நொறுக்கிய கை, பூவைத் தடவும் கை. இனவெறி பிடித்த கிழவியின் மனத்தில் பெரிய துணிவும் இருக்கக்கூடும் என்ற சங்கடத்தை அந்தப் பையன் விழுங்க வேண்டியிருக்கிறது. அவனால் இனி மனிதர்களை நல்லவர், கெட்டவர் என்று இரண்டு கூடைகளில் போட முடியாது. நாவலின் மிக நேர்த்தியான குறியீடு இதுவே என்பது என் கணிப்பு, தலைப்பில் இருக்கும் பறவையைவிடவும்.

பறவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாக்கிங்பேர்ட் நம் ஊர்களில் இல்லை. மற்றப் பறவைகளின் குரலைப் போலிசெய்யும் அமெரிக்கப் பறவை அது. துடுப்புவால் கரிச்சானின் பாட்டைக் காட்டில் கேட்டவர்களுக்கு அந்தத் திறமை விளங்கும். நாவலில் அது அதிகம் வருவதில்லை. பத்தாம் அத்தியாயத்தில், அதைக் கொல்வது பாவம் என்று ஆட்டிகஸ் சொல்ல, மிஸ் மாடி காரணம் சொல்கிறார். வெறிநாய் வரும்போது பறவைகள் மௌனம். தீர்ப்புக்காகக் காத்திருக்கும் இரவில் ஸ்கவுட்டுக்கு அந்த மௌனம் நினைவு வருகிறது. டாம் சிறையில் பதினேழு குண்டுகள் பாய்ந்து இறந்தபின், பத்திரிகையாசிரியர் அதைப் பாடும் பறவைகளைக் கொல்வதோடு ஒப்பிடுகிறார். பிள்ளைகள் தாக்கப்படும் இரவில் ஒரு பறவை தனியே பாடுகிறது. கடைசியாக 30-ஆம் அத்தியாயத்தில் ஸ்கவுட் சொல்லும் ஒரு வாக்கியம். கணக்குப் பார்த்தால் சொற்பம்தான், அதனால்தான் ஒவ்வொரு முறையும் காதில் விழுகிறது.

ஆனால் டாம் என்ற மனிதரைக் காட்ட இந்தப் பறவை போதவில்லை. தீங்கு செய்யாமல் பாடும் உயிர் என்ற உருவகத்துக்குள் ஒரு கறுப்பினத் தொழிலாளியை அடைத்தால், அவருடைய கோபம், அறிவு, முடிவெடுக்கும் திறன் எல்லாம் வெளியே நின்றுவிடும். கறுப்பினப் பாத்திரங்களுக்கு இந்த நாவல் அகவாழ்வைக் குறைவாகவே தருகிறது என்ற விமர்சனம் நியாயமானது. டாமைக் காட்டுவது அவர் கைதான். சத்தியப் பிரமாணத்தின்போது செயலற்ற இடது கையை வலது கையால் தூக்கிப் பைபிள் மேல் வைக்கிறார். வலது கையை உயர்த்தியதும் இடது கை வழுக்கி மேசையில் விழுகிறது. மறுபடி முயல்கிறார், நீதிபதி போதும் என்கிறார். பைபிள் மேல் கை நிற்காமலே உண்மை பேசிய ஒரே சாட்சி அவர். கூலி வாங்காமல் மேயெல்லாவுக்கு ஏன் வேலை செய்தாய் என்று கேட்கும்போது, அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்கிறார். கறுப்பர் வெள்ளையருக்காக இரக்கப்படுவதை அந்த அவை மன்னிக்காது. டாமின் துணிவு அந்தப் பதிலில் இருக்கிறது. இயந்திரத்தில் கையைக் கொடுத்தவர் உழைப்பாளி, பலியாடு மட்டும் இல்லை. விசைத்தறியில் விரல் போனவர்களைப் பார்த்திருக்கும் சேலத்து வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கத்தில் மேயெல்லா. குப்பைமேட்டை ஒட்டிய யூவெல் வீட்டு முற்றத்தில், எனாமல் பெயர்ந்த ஆறு கழிவுப் பாத்திரங்களில் சிவப்பு ஜெரேனியம் பூக்கள். அவற்றை அவள் வளர்ப்பதாக ஊர் சொல்கிறது. ஒரே வரியில் வந்துபோகும் விவரம். இது இல்லையென்றால் பொய்ச்சாட்சி சொல்லும் வெறும் வில்லி அவள். இது இருப்பதால், அழகுக்கு ஏங்கிய ஒருத்தி தன்னிடம் அன்பாக நடந்த ஒரே மனிதரைச் சாகக் கொடுத்தாள் என்ற பயங்கரம் முழுதாகத் தெரிகிறது. குறியீடு அவளை மன்னிக்கவில்லை, ஆனால் மனுஷியாக நிறுத்துகிறது.

இனி, இந்த முறையை நம் மண்ணுக்குக் கொண்டுவந்து சாதிப் பாகுபாடும் துணிவும் பற்றி நாவல் எழுத நினைப்பவர்களுக்கு. முதல் சிக்கல், கையில் ஆயத்தமாகக் கிடைக்கும் குறியீடுகள். டீக்கடை இரட்டைக் குவளை, கூண்டுக்கிளி, வெட்டப்படும் ஆலமரம். இரட்டைக் குவளை உண்மையான கொடுமை, அதை எழுதக் கூடாதென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதைக் கண்டதும் வாசகர் தன் பழைய கோபத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். உங்கள் பாத்திரத்தைப் பார்க்க மாட்டார். அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், குவளையை விட்டுவிட்டு அதைக் கழுவும் ஆளை எழுதலாம்.

சேலத்தில் தொழிலிலிருந்தே பொருளை எடுக்கலாம். கொலுசுப் பட்டறைகளில் வெள்ளியை எடைபோட்டுத் தொழிலாளியிடம் கொடுப்பார்கள். முடிந்த கொலுசையும் மிச்சத் துண்டுகளையும் மறுபடி எடைபோட்டு வாங்குவார்கள். அரம், நெருப்பு, மெருகு இவற்றில் குறையும் எடைக்குச் சேதாரக் கணக்கு உண்டு. இந்த எடைபோடுதலை முப்பது அத்தியாய நாவல் ஒன்றில் நான்கு முறை வைத்துப் பாருங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் அது வெறும் வேலை. எல்லாருடைய கொலுசும் ஒருமுறை எடை பார்க்கப்படுகிறது, கிராம் கணக்கு நோட்டில் ஏறுகிறது. பத்தாம் அத்தியாயம் அளவில் ஒரே ஒரு தொழிலாளியின் சரக்கு மட்டும் இரண்டாம் முறை தராசில் ஏறுகிறது. காரணத்தை யாரும் சொல்லக் கூடாது. இருபதை ஒட்டி, முதலாளியின் மகள் தராசில் உட்காரும் நாளில் அதே சரக்கு வருகிறது. இரண்டாம் முறை வைக்கிறாளா, இல்லையா? நான்காவது முறை, எடை உண்மையிலேயே குறைந்திருக்கும் ஒரு நாளில், வேறொருவரின் சரக்கில். இப்போது யாருடைய கை எந்தப் பக்கம் போகிறது என்பதில் எல்லாருடைய குணமும் வெளிவந்துவிடும்.

இதிலுள்ள ஆபத்து வெளிப்படையானது. தராசு என்றதும் கண் கட்டிய நீதிதேவதை வந்து நிற்பாள். அவளை விரட்டத் தொழில் விவரம் வேண்டும். மேசைமேல் இருக்கும் எலக்ட்ரானிக் தராசின் கண்ணாடி மூடி, மின்விசிறிக் காற்றில் ஆடும் கடைசி எண், அதற்காக விசிறியை நிறுத்தும் பழக்கம், வேர்வை. இத்தனையும் வந்துவிட்டால் அது பட்டறைத் தராசாகவே இருக்கும்.

ஏற்காட்டுப் பக்கம் எழுதுபவர்கள் அதிகம் தவறுவது பருவத்தில். காபிச் செடி மார்ச், ஏப்ரல் மழை விழுந்து பத்து நாளுக்குள் ஒரேயடியாகப் பூத்து, சில நாட்களில் வாடிவிடும். பழம் பறிப்பது நவம்பர் முதல் ஜனவரிவரை. பழம் பறிக்கும் பெண்ணின் தலையில் காபிப் பூ உதிர்வதாக எழுதினால், மலையில் வாழும் வாசகர் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார், அதற்குப் பிறகு உங்கள் குறியீடு எதுவும் வேலை செய்யாது. பருவத்தைச் சரியாகப் பிடித்தால் அதிலிருந்தே நல்ல பொருள் கிடைக்கும். கோடை மழை தவறினால், குளமும் மோட்டாரும் உள்ள எஸ்டேட்டில் ஸ்பிரிங்க்ளர் வைத்துப் பூக்கவைப்பார்கள். வேலிக்கு அப்பால் நாலு சென்ட், அரை ஏக்கர் வைத்திருக்கும் மலைவாசியின் காபி பூக்காது. ஒரு சரிவு முழுக்க வெள்ளை, ஒட்டிய சரிவு வெறும் பச்சை. இதுவரை அது காட்சிதான். ஸ்பிரிங்க்ளர் தலையை ஓரிரவில் யாரோ வேலிப்பக்கம் திருப்பிவைக்கும்போது அது பாத்திரமாகிறது. திருப்பியது யார், காலையில் பார்த்த மேஸ்திரி அதைத் திருப்பித் திருத்தினாரா, பார்க்காததுபோல் போனாரா என்பதை எழுதுங்கள். அது அடுத்த ஆண்டு மகசூலிலும் கூலியிலும் கடனிலும் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் ஸ்பிரிங்க்ளர் அலங்காரம்.

முதல் பிரதி முடிந்ததும் நாவலில் திரும்பத் திரும்ப வரும் பொருட்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைத் தொட்ட கைகளைக் குறியுங்கள். ஒரே கையில் இருந்துவிட்ட பொருள் பழக்கத்தைக் காட்டும், மாற்றத்தைக் காட்டாது. அதை இன்னொருவர் கைக்கு மாற்றிப் பாருங்கள். கண்கள் மட்டும் பட்ட பொருளை எடுத்துவிடலாம். ஆறேழு முறைக்கு மேல் வந்தால் குறைத்துவிடுவது நல்லது. ஒடுக்கப்பட்ட பாத்திரத்தின் பெயருக்கு எதிரே பறவை, மலர், விளக்கு என்று மட்டும் இருந்து, அவர் தன் விருப்பத்தில் செய்த செயல் ஒன்றும் இல்லையென்றால், பிரச்சினை குறியீட்டில் இல்லை. அந்த மனிதரை நீங்கள் இன்னும் எழுதவில்லை.

விளக்க வாக்கியங்களையும் தேடிப் பிடித்து நீக்க வேண்டும். இதற்கு லீயின் நாவலிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. பிள்ளைகளைக் காப்பாற்றும்போது யூவெலைக் கொன்றது பூ ராட்லி. அதை ஊரறியச் செய்யாமல் விட ஷெரிஃப் முடிவெடுக்கிறார். சட்டத்தில் ஊறிய ஆட்டிகஸுக்கு அது பிடிபடத் தாமதமாகிறது. மகளுக்கு இது புரியுமா என்ற தவிப்பில் அவளிடம் கேட்கிறார். பூவை வெளியே இழுத்து நிறுத்துவது அந்தப் பறவையைச் சுடுவதற்குச் சமம் என்கிறாள் ஸ்கவுட். குறியீட்டுக்கு வெளிப்படையான விளக்கம்தான், ஆனாலும் இடறவில்லை. அந்த வாக்கியம் அங்கே ஒரு செயல். அப்பா சொல்லிக்கொடுத்ததை மகள் அப்பாவுக்கே திருப்பிச் சொல்லி, அவரை முடிவெடுக்கவைக்கிறாள். அடுத்து பூவை வீட்டுக்கு அழைத்துப்போகும்போது, அவர் தன்னை அழைத்துப்போவதாகத் தெருவுக்குத் தெரியும்படி அவருடைய கையை மடக்கச் செய்து, அதற்குள் தன் கையைக் கோத்துக்கொள்கிறாள்.

பட்டறை நாவலில் அப்படி ஒரு வாக்கியம் தேவைப்பட்டால், இரண்டு முறை எடைபோடப்பட்ட தொழிலாளியின் வாயில் அதைப் போடாதீர்கள். அவருக்கு அது ஏற்கெனவே தெரியும். தராசில் உட்கார்ந்த மகள் அப்பாவிடம் சொல்லட்டும், சொன்னதற்காக அவள் எதையாவது இழக்கட்டும்.